விக்கலுக்கு ஒரு ரெஃபரல்

விக்கலுக்காக டாக்டரிடம் போக வேண்டும் என்று நான் சொன்னபோது என் மகன் சிரித்தான். நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய் உள்ளே போவதற்குள் ஆரம்பிக்கும். சோறு தொண்டையிலேயே தங்கிக்கொள்ளும். தண்ணீர் குடித்து இறக்கப் பார்த்தால் புரையேறிக் கண்ணில் நீர் வரும். அதன்பிறகு விக்கல். குழந்தைகளுக்கு வருகிற விளையாட்டு விக்கல் அல்ல. விலாவுக்குள் கொக்கியை மாட்டிச் சுண்டுகிற மாதிரி ஒவ்வொன்றும் வலிக்கும். சாயங்காலம் ஆரம்பித்தது படுக்கப் போகும்வரை சுண்டிக்கொண்டே இருக்கும்.

நம் ஜனங்களைப் பொறுத்தவரை விக்கல் ஒரு நோயே இல்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று முடித்துவிடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும் என் தங்கை, நான் விக்கினால், தான்தான் நினைத்தேன் என்று பெருமையோடு பொறுப்பேற்றுக்கொள்வாள். சனிக்கிழமைகளில் வருகிற மகனின் நண்பர்கள், எல்லாம் சாஃப்ட்வேர்க்காரர்கள், திடீரென்று என் பக்கம் திரும்பி, "அங்கிள், என் பர்ஸைக் காணோம், நீங்கதானே எடுத்தீங்க?" என்பார்கள். திருட்டுப் பட்டம் கட்டினால் அதிர்ச்சியில் விக்கல் நின்றுவிடும் என்பது அவர்கள் பாட்டன் காலத்து வைத்தியம். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்தக் குற்றச்சாட்டில் என்ன அதிர்ச்சி இருக்கிறது? பேத்தி மட்டும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி இங்கிலீஷில் கட்டளையிடுவாள். தானும் கன்னத்தை உப்பிக் காட்டுவாள். அவளுக்காகப் பிடிப்பேன். பிடித்த மூச்சைக் குத்திக்கொண்டு விக்கல் வரும்.

நடைமுறைகளுக்கு நான் பயந்தவனில்லை. எந்தக் கோப்பு எந்த மேசை வழியாக எங்கே போக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அமெரிக்காவில் இழுத்தடிப்பு கிடையாது என்று ஊரில் எனக்குச் சொன்னவர்கள் யாரும் இங்கே நோயாளியாக இருந்து பார்த்தவர்களில்லை. மகன் எனக்கென்று தனியாக எடுத்திருந்த இன்ஷூரன்ஸின் விதிப்படி முதலில் குடும்ப டாக்டர். அவர் எழுதிக் கொடுக்கும் ரெஃபரல் கையில் இல்லாமல் எந்த நிபுணரும் என் வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நிபுணர் நேரம் ஒதுக்கும்போது ரெஃபரலின் கெடு முடிந்திருக்கும். மறுபடி குடும்ப டாக்டர். இதையே எங்கள் தாலுகா ஆபீஸில் குறைந்த செலவில் செய்துகொடுத்தோம்.

குடும்ப டாக்டர் நெஞ்செரிச்சல் என்றார். வயிற்று நிபுணர் விளக்கு வைத்த குழாயைத் தொண்டை வழியாக விட்டுப் பார்த்து, எல்லாம் அழகாக இருப்பதாகச் சொன்னார். என் வயிற்றை அழகு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு, சித்தம் கலங்கியவர்களுக்குத் தரும் மாத்திரை ஒன்று விக்கலையும் நிறுத்தும் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் தூங்கினேன். தூக்கத்திலும் விக்குவதாக மனைவி சொன்னாள்.

அடுத்தது பேரியம் பரிசோதனை. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டையில் இறங்குவதை எக்ஸ்ரேயில் படமாகப் பார்ப்பார்கள். மகன் வெளியே உட்கார்ந்திருந்தான். உள்ளே நான் பின்பக்கம் திறந்த அங்கியில் நின்றுகொண்டு, காகிதக் கப்பின் விளிம்பில் உதட்டை வைத்து, கலெக்டர் பங்களாவில் டீ குடிப்பது போல நாசூக்காக உறிஞ்சினேன். கரைசல் ஒழுங்காக இறங்கியது. கோளாறு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது.

அதன்பிறகு என்னை யாரும் நம்பவில்லை. ஊரை விட்டு வந்த ஏக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் மகனிடம் சொல்லியிருக்கிறார். மருமகள் என் தட்டில் சோற்றைக் குறைவாகப் போட ஆரம்பித்தாள், அன்போடுதான். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இளைத்தேன். மார்ச் மாதம் மார்பில் சளி கட்டிப் படுத்தபோது, சாப்பிடுவது நுரையீரலுக்குள் போகிறதோ என்று நிபுணருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் அவர் நேராக முடிவுக்குத் தாவினார். எடை இன்னும் குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், டப்பாவில் வருகிற பாலை அதன் வழியாக ஊற்றலாம், வாய்க்கு வேலை இருக்காது என்றார். நல்ல செய்தி சொல்லும் முகத்தோடுதான் சொன்னார்.

வாய்க்கு வேலை இல்லாமல் போவதற்கு முன்னால் அந்தப் பேரியம் பரிசோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள் என்றேன். ஒரு தடவை செய்து சரியாக இருந்ததை மறுபடி செய்ய முடியாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு என்று அவர்கள் கையேட்டிலேயே பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். முறையீடு எழுதினேன். அவர்கள் பதில் எழுதினார்கள். அந்தப் பதிலின் மேல் இன்னொன்று எழுதினேன். சளியைக் காரணம் காட்டியதும் இளகினார்கள். அந்த இடைவெளியில் இடுப்பு வேட்டியை இன்னொரு சுற்று சுற்றிக் கட்ட வேண்டி வந்தது.

இந்த முறை மகனுக்கு ஆபீஸில் விடுப்பு கிடைக்காததால் மருமகள் எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டாள். துணைக்கு என் மனைவியை உள்ளே விட்டார்கள். அவள் புடவைக்கு மேல் ஈயக் கவசத்தை மாட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். விழுங்கும் கோளாறுகளுக்கென்றே படித்த ஒரு அம்மாள் படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். கப்பைக் கொடுத்தார்கள். உதட்டை வைத்து உறிஞ்சினேன். ஒழுங்காக இறங்கியது. அந்த அம்மாள் முகத்தில், இதற்கா இவ்வளவு கடிதம், என்கிற களை தெரிந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து என் மனைவி தமிழில் கேட்டாள்.

"ஏனுங்க, இதென்ன புதுசா இருக்குது? ஊட்ல இப்படியா குடிக்கிறீங்க?"

சும்மா இரு என்றேன்.

"நான் சும்மாத்தான் இருக்கறேன். நீங்க மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவராட்டக் குடிச்சா, அவங்களுக்கு என்ன தெரியும்?"

அந்த அம்மாள் என்னவென்று கேட்டார். எங்கள் ஊரில் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம், எச்சில் ஆகிவிடும், தலையை அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வோம் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. நண்டு, இறால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் மாடிப்படி எத்தனை என்று கேட்டிருந்தார்கள். நான் நிரப்பிய படிவங்களில் கேட்காதது எதுவும் மிச்சமில்லை. தண்ணீரை எப்படிக் குடிக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக்கார நர்ஸ் முன்னால் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை.

செய்து காட்டுங்கள் என்றார். கொஞ்சமாகத்தான் கொடுத்தார். தலையைச் சாய்த்து, சாண் உயரத்திலிருந்து ஊற்றினேன். வெள்ளைக் கோடு ஒன்று நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதை அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை, இருமிக்கொண்டிருந்தேன். இருமல் அடங்கியதும் விக்கல் பிடித்தது, அரசாங்கச் சாட்சி மாதிரி, சரியான நேரத்தில்.

தொண்டைத் தசைகள் தளர்ந்துவிட்டன என்று அந்த அம்மாள் விளக்கினார். நிமிர்ந்து கொஞ்சமாக உறிஞ்சினால் சமாளித்துக்கொள்கின்றன. அண்ணாந்தால் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது, கூடவே விழுங்குகிற காற்று வயிற்றை உப்ப வைத்து விக்கலைக் கிளப்புகிறது. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு அண்ணாப்பு என்று நான் என் கையாலேயே அதை வளர்த்திருக்கிறேன். தளர்ந்த தசை திரும்ப இறுகாது. ஆனால் இனி கப்பில் உதட்டை வைத்து, தாடையை மார்போடு ஒட்டி, ஒவ்வொரு மிடறையும் இரண்டு தடவை விழுங்க வேண்டும். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கூழாக்கிக் குடிக்க வேண்டும். அப்படி எடை நின்றால் குழாய் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். எச்சில் டம்ளரை வைத்துக்கொண்டு தலை குனிந்து கூழ்த் தண்ணீர் உறிஞ்சுவதை விடக் குழாயே கௌரவம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்பக் குழாயே வச்சுக்குங்க. நான் சோறாக்கற வேலை மிச்சம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமல், "என்ர கையால ஒரு வாய் ரசஞ்சோறு வேண்டாமுன்னா சொல்லிப்போடுங்க. நானும் உங்க மகன்கிட்ட கையெழுத்துப் போடச் சொல்லிர்றேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் டம்ளரில் வாய் வைத்தேன்.

பழகுவது எளிதாக இல்லை. ஒரு தட்டுச் சோறு முடிய ஒரு முழு சினிமா ஓடும் நேரம் ஆயிற்று. வந்தவர்கள் முன்னால் தாடையை மார்பில் குத்திக்கொண்டு விழுங்கினால், அங்கிளுக்கு என்ன கோபம் என்று மருமகளைக் கேட்டார்கள். கூழ்த் தண்ணீரில் தாகம் அடங்காது. சமையலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை ஏந்தி ஊற்றிக்கொள்ளத் தோன்றும்.

அடுத்த முறை நிபுணரின் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது ஒரு பவுண்டு ஏறியிருந்தது. குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று தாம் முடிவு செய்திருப்பதாக அவர் அறிவித்தார். நான் திருத்தவில்லை. மேலிடம் எடுக்காத முடிவுக்கு மேலிடம் கையெழுத்துப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் மனைவி ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். குனிந்தபடி சாப்பிட்டேன். பாதியில் கை காய்ந்து பருக்கைகள் விரலில் ஒட்டிக்கொண்டன. விக்கல் வந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் அதே விலாவில், அதே இடத்தில்.

நிறுத்திக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

அது ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றேன்.