வாயில்லாத பெட்டி

பாதி ஆயுளைத் தறிக்கூடத்தில் நின்று கழித்தவர்களுக்குக் காது மிஞ்சுவதில்லை. தெரு முழுவதும் ‘இடி’ என்று அழைத்த அந்த நெசவாளிக்கும் மிஞ்சவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் சொல்வார். அவர் மனைவியிடம் ரகசியம் பேசினால் முதலில் சிரிப்பவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். “இடியண்ணன் சாப்பாட்டுல இன்னைக்கு உப்பு ஜாஸ்தியாம்” என்று சுவருக்கு இந்தப் பக்கம் தன் மனைவிக்குச் செய்தி வாசிப்பார்.

ஆனால் இடியைச் செவிடர் என்று சொல்வது பாதி உண்மைதான். தறிகள் ஓடும் இடத்தில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. அதனால் அங்கே வேலை செய்பவர்கள் குரலை மறந்துவிட்டு, வாயை அகலமாக அசைத்து உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர். அந்தக் கோடியில் ஒருவன் மேஸ்திரியைத் திட்டினால் இந்தக் கோடியில் இருப்பவர் படித்துவிட்டுச் சிரிப்பார். நடுவில் நிற்கும் மேஸ்திரி தன் சட்டையில் ஏதோ கறை என்று குனிந்து பார்ப்பார். இடியின் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பு அதே மில்லில் நூல் சுற்றியவள். அவர்களுடைய முதல் பேச்சே இரண்டு தறி வரிசைகளுக்கு நடுவில், ஒரு சத்தமும் எழுப்பாமல் நடந்ததுதான்.

ரேடியோவை வாங்கி வந்தவன் மகன். ஒரே பிள்ளை. கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. உலகச் சண்டை மூண்ட பிறகு கிடைத்த ஒரே லீவில் அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான்.

“இதுக்கு வாயே இல்லையேடா. நான் எதைப் பாத்துக் கேக்கறது?” என்றார் இடி. தெருவுக்கே கேட்டது.

“வாய்க்குத்தான் அம்மா இருக்காங்களே. நீங்க அவங்களைப் பாத்துக்கிட்டு உக்காருங்க, அது போதும்” என்றான் பையன்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாளை இழுத்துவிடுவார். அவள் விளக்கைத் தன் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்துக்கொள்வாள். ஒரு வாக்கியம் கேட்பாள், திரும்புவாள், தறிப்பேச்சில் சொல்வாள். அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி காதைக் கொடுப்பாள். இடைவெளியில் அவர் பெட்டியின் நெற்றியில் இருந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு என்றால் அது மெதுவாக அலையும். பேச்சு என்றால் வெட்டி வெட்டிச் சுருங்கும். அந்தக் கப்பலின் பெயர் வருகிறதா என்பது ஒன்றுதான் அந்த வீட்டுக்கு வேண்டிய செய்தி. வராத நாள் நல்ல நாள்.

அன்றும் தையல்காரரும் அவர் மனைவியும் முக்காலியோடு வந்து வாசல் ஓரமாக உட்கார்ந்தார்கள். பச்சை விளக்கு வெட்டி வெட்டிச் சுருங்கியது. இடியின் மனைவி ஒரு வாக்கியம் கேட்டாள். திரும்பவில்லை. இன்னொரு வாக்கியம் போயிற்று. அப்போதும் திரும்பவில்லை. பிறகு திரும்பி, “நாளைக்கு மழை வருமாம்” என்றாள்.

சண்டை தொடங்கியதிலிருந்து ரேடியோவில் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. மேகம் எங்கே இருக்கிறது என்று எதிரியின் விமானத்துக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக அதை நிறுத்தியிருந்தார்கள். குடை எடுப்பதா வேண்டாமா என்று மில் வாசலில் அதைவைத்துத் தினம் ஒரு கேலி நடக்கும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

இடி முகத்தைத் திருப்பினார். வாசல் ஓரத்தில் தையல்காரர் தன் மனைவியின் பக்கம் சாய்ந்திருந்தார். அவர் செய்தது, அந்தத் தெருவில் யாரும் செய்யக்கூடிய தவறு. குரலைத் தணித்துக்கொண்டார், வாயை மறைக்கவில்லை.

“பையன் போன கப்பல்தான். முங்கிருச்சாம். ஒருத்தர்கூட தப்பலையாம். அண்ணனுக்கு இப்ப தெரிய வேணாம்.”

சத்தமில்லாத பேச்சைப் படிப்பதற்கென்றே பழகிய கண்கள் ஒரு சொல்லையும் விடவில்லை. படித்ததும் பதில் சொல்வது மில் பழக்கம். பதில் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மனைவியைப் பார்த்து, “வரட்டும். ரொம்ப நாளா புழுக்கமா இருக்கு” என்றார், வழக்கமான இடிக்குரலில். தையல்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த சாயங்காலம் இடியின் மனைவி விளக்கை நகர்த்தி வைத்தாள். கப்பல் ஏதோ துறைமுகத்தில் கரி ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அதற்கு மறுநாள், மாலுமிகளுக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தார்களாம் என்றாள். சில நாட்களில் பொய் அவளுக்குப் பழகிவிட்டது. நிறுத்தாமல், தடுமாறாமல் வந்தது. அவரும் தடுக்கவில்லை. “கம்பளி அவனுக்கு அரிக்குமே” என்றுகூடச் சொன்னார்.

இதைத் தியாகம் என்று புகழத் தோன்றவில்லை. அவளுக்காகத்தான் அவர் நம்புவதுபோல் இருந்தார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவள் உதடு அசையும் அந்தக் கொஞ்ச நேரம் பையன் எங்கோ கரி அள்ளிக்கொண்டிருந்தான். அது அவருக்கும் வேண்டியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இருவரும் ஒரே இடத்தில் ஒளிந்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பச்சை விளக்கு மெதுவாக அலைந்துகொண்டிருந்தது. பாட்டு. அவள் திரும்பி, “கப்பல் கரைக்கு வந்துருச்சாம். லீவு கொடுக்கறாங்களாம். பையன்...” என்றாள். அதற்குமேல் உதடு அடுத்த சொல்லுக்காகத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவன் வருகிறான் என்று சொல்லிவிட்டால் நாளைக்கு வாசல் கதவு திறக்க வேண்டும். அந்தப் பொய்க்கு மேல் போக அவளுக்கு இடமில்லை.

அவர் எழுந்துபோய் ரேடியோவின் குமிழைத் திருகினார். பச்சை விளக்கு சுருங்கி அணைந்தது.

“போதும். எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “எப்படி?” என்று உதடு கேட்டது.

தையல்காரர் அன்று விட்டுப்போய், வாசல் ஓரம் காலியாகக் கிடந்த முக்காலியை அவர் கைகாட்டினார். பிறகு அவள் முகத்துக்கு நேராக இருந்த விளக்கையும் அணைத்தார். இருட்டில் அவருக்கு எதுவும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். இனி அவள் எதையும் சொல்லித் தீர வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். தரை வழியாகத் தறி ஓடுவதைக் காலால் உணர்பவர், அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் அழுகை வந்தது. கூடவே இடியின் குரல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.