வீடு திரும்ப ஒரு வண்டி

தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சைரன்’தான். பாதி வாழ்நாள் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கண் நரம்பு பழுதாகிப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கியதும் ஓட்டுநர் உரிமம் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். அடுப்பில் வைத்த பாலை எட்டி எட்டிப் பார்த்தார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“ஒண்ணு உட்காருங்க, இல்ல வெளியே போங்க. நீங்க குறுக்கே போறப்பல்லாம் எனக்குத் தையல் கோணிக்குது.”

போனார். குடியிருப்புக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த மனையை மருந்துக்கடை அக்காவும் சில பெண்களும் கொத்திக்கொண்டிருந்தார்கள். அவரைவிட இளையவள்தான், ஆனால் எல்லோருக்கும் அக்கா. ரசாயனம் போடாமல் காய்கறி விளைத்து, விற்ற காசில் பழைய வேன் ஒன்று வாங்குவது அவர்கள் திட்டம். சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு தள்ளாடி வெளியே வருகிறவர்களை வீட்டில் கொண்டுவிட.

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேரை அலறியடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செடிக்கு அவர் அவசரம் தெரியுமா?

“பீன்ஸ் விதையைத் தோண்டினது யாரு?” என்று அக்கா சத்தம் போட்டாள்.

“முளை விட்டிருக்கான்னு சும்மா பாத்தேன்க்கா.”

“நாளைக்கு இங்க நாங்க இருக்கோமான்னு எங்களையும் தோண்டிப் பாருங்கண்ணே!”

தொல்லை தாங்காமல் உரக்குழியை அவர் தலையில் கட்டினாள். வீடுவீடாகப் போய்க் காய்கறித் தோல் வாங்க வேண்டும், சருகு போட்டுக் கிளற வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும். ஓயாத வேலை. அவருக்காகவே செய்தது போலிருந்தது.

கோடையில் தோட்டத்துக் கிணறு வற்றியது. பக்கத்துச் சலவைக்கடை அவர் மச்சானுடையது. துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரை மணலில் வடிகட்டித் தோட்டத்துக்கு விட ஏற்பாடு செய்தார். சோப்புத் தண்ணீருக்குத் தனிக் குழாய். ஒரு காலை, சலவை மிஷின் நிற்கும்வரை பொறுக்க மாட்டாமல் குழாயை மாற்றி, சோப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திறந்துவிட்டார். சந்தைக்கு முந்தின நாள் கீரைப் பாத்தி முழுவதும் வெந்ததுபோல் துவண்டு கிடந்தது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரைத் தின்றது. கீரை கேட்டிருந்த வீடுகளுக்கெல்லாம் தானே போய், தன்னால்தான் என்று சொன்னார். கடைசியாக, வேனுக்காகக் காத்திருந்த எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தான்.

“உன் வண்டி தள்ளிப்போகுது தம்பி. நான் கீரையைக் கெடுத்துட்டேன்.”

“கீரையா? என் கிட்னிக்கு அது ஆகாது, தொட்டா டாக்டர் என்னைத் தொலைச்சுடுவாரு.” சிரித்தான். “இந்த ஜன்னல்ல தொட்டி வெச்சு எதையாவது வளர்க்கணும்னு ஆசை. உங்க உரம் கிடைக்குமா? சும்மா வேண்டாம், காசுக்கு.”

சைரன் படியிறங்கவில்லை, உருண்டார் என்றே சொல்லலாம். “அக்கா, உரம்! உரத்தை விக்கலாம்க்கா!” என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

அன்று மாலைக்குள் உரத்தைச் சலித்துப் பையில் கட்டி, பைக்கு ஒரு தக்காளி நாற்று வைத்தார்கள். சந்தையில் மாடி வீட்டுக்காரர்கள் வந்து மொய்த்தார்கள். கீரை ஒருநாளும் அப்படிப் போனதில்லை. கெட்டுப்போன பாத்தியில் மண்ணை மாற்றினார்கள். அங்கே விளைந்ததைவிட அவர் குழியில் மக்கியதுதான் வேனை இழுத்து வந்தது.

அக்காவின் தங்கை வண்டி ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அவர், பின்னால் எலக்ட்ரீஷியன். வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

“அண்ணே, நிதானமா உட்காருங்க. உயிருக்குப் போராடுற யாரையும் நாம ஏத்திட்டுப் போகல.”

ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனை ரத்தம் சுத்திகரிக்கும் மிஷினோடு இணைத்தார்கள். முடியப் பல மணி நேரமாகும் என்றாள் நர்ஸ். சைரன் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், வராந்தாவில் உலாத்தினார். பின்பக்கம் உடைந்த கட்டில்கள் கிடந்த காலி இடம் ஒன்று கண்ணில் பட்டது. கைப்பிடி மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டு, காவலாளியிடம் கேட்டார்:

“ஏம்ப்பா, இந்த இடத்துக்கு யாரைப் பாக்கணும்?”