நடவு மாத்திரை

வரப்புக்கு டீத் தூக்கோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வரும். பண்ணை ஏஜெண்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் டீயும், பாதி பச்சை பாதி மஞ்சளாக ஒரு மாத்திரையும் கொடுப்பார். "போட்டுக்கிட்டு இறங்குங்க, இடுப்பு வலி தெரியாது" என்பார். எங்கள் பக்கத்தில் அதற்கு நடவு மாத்திரை என்று பெயர்.

என் சித்தி லேசுப்பட்டவள் இல்லை. மடத்து நிலக் குத்தகைத் தகராறில் ஏர் இறங்கவிடாமல் வரப்பில் உட்கார்ந்து, தாசில்தாரையே ஜீப்பைவிட்டு இறங்கி வரவைத்தவள். மடத்து அடியாட்களுக்குப் பணியாதவளைப் பண்ணைக்காரர்கள் டீயோடு மாத்திரை கொடுத்துப் பணியவைத்தார்கள். நடவு முடிந்த பிறகும் மாத்திரையை விட முடியவில்லை. போடாத நாளில் கொட்டாவி, வியர்வை, உடம்பு முறுக்கல். மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டினால் போதும், ஒரு கேள்வியில்லாமல் கொடுத்தார்கள்.

ஒருநாள் வலிப்பு வந்தது. நான் அப்போது வேதாரண்யத்தில் நர்ஸ். எனக்குச் செய்தி வரவில்லை. ஊர் ஆஸ்பத்திரி டாக்டர், "போதை மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைப் பாத்தா அப்படியா தெரியுதுங்க?" ஆஸ்பத்திரியிலேயே வலிப்புக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த நடவில் வரிசைக்குப் பின்தங்கி நின்றவள், நாற்று முடியோடு சேற்றில் குப்புற விழுந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது உயிர் இல்லை.

பிறகு ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டரம்மா ஒருவர் வந்தார். டாக்டர், நர்ஸ், மெடிக்கல்காரர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்சி நடத்தினார். அதற்குள் ஊருக்கே மாற்றலாகி வந்திருந்த நானும் இருந்தேன். முதலில் எடுத்ததே சித்தியின் சாவைத்தான்.

"கேட்டேன் மேடம், இல்லைன்னுட்டாங்க" என்றார் டாக்டர்.

"நடவு மாத்திரை போடுறேன்னு எங்கிட்ட சொன்னாங்க. சத்து மாத்திரைன்னு நெனச்சேன்" என்றார் நர்ஸ்.

மெடிக்கல்காரர் தலை நிமிரவில்லை. "அபின் வகை வலி மாத்திரைங்க அது, வலிப்பையும் கொண்டாந்துடும். அவங்களுக்கு வலிப்புன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே."

ஒருவருக்கு நோய் தெரியும், ஒருவருக்குப் பெயர் தெரியும், ஒருவருக்கு மருந்து தெரியும். மூவரும் இருந்தது ஒரே தெருவில். எனக்கு மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போனதும் அந்தக் கூட்டுப் பயிற்சியும் நின்றது. மெடிக்கல்காரரோடு ஒரே பெஞ்சில் உட்காருவதா என்று டாக்டர்கள் சிலருக்குக் குறை. இப்போது அவர்களுக்குத் தஞ்சாவூரில் ஏசி ஹாலில் பயிற்சி, எங்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில். மருந்துக்கடைக்காரர்களுக்கு எங்கேயும் இல்லை.

போன குறுவை நடவில் வலிப்போடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தெளிந்ததும் சின்ன டாக்டர் கேட்டார், "போதை மாத்திரை ஏதாவது?"

"ஐயோ, இல்லீங்க."

அவர் இல்லையென்று எழுதப் போனார். நான் குறுக்கே போய், "நடவு மாத்திரை போடுவியா தாயி?" என்றேன்.

"அது இல்லாம எப்படிங்க?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாதி பச்சை, பாதி மஞ்சள். எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதைத்தான் சார் கேட்டீங்க. இங்க இதுக்கு வேற பேரு."