இடம் மாறிய மூக்குத்தி

அம்மா போன பிறகு தேடிப் பார்த்தால், வீட்டில் அவள் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருந்தவள் எனக்கு அறிமுகமே இல்லாத ஒல்லிப் பெண். கடைசியில் பீரோவின் அடியில் ஒரு பிலிம் துண்டு கிடைத்தது. முக்கொம்புக்குப் போனபோது அப்பா எடுத்தது. பிரிண்ட் போட்ட படங்கள் எல்லாம் எப்போதோ சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் பங்கு போய்விட்டன.

ஸ்ரீரங்கத்து ஸ்டுடியோக்காரர், பிலிமிலிருந்து பிரிண்ட் போடுவதை விட்டு நாளாயிற்று என்று கையை விரித்துவிட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வேலை. எந்த மிஷினும் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைப்பவர். கேட்காத மிக்ஸி ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. "கருமாதிக்குள்ள படம் ரெடியாயிடும்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் பிரிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பிலிமை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து மூடினால் கறுப்புப் பட்டைதான் வந்தது. மூடியைத் திறந்து, வெள்ளைத் தாளைப் போட்டு, மேலே மேஜை விளக்கைப் பிடித்ததும் ஓர் உருவம் தெரிந்தது. வெள்ளை முடி, கறுத்த பல். நான் அத்தை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா எதையோ தட்ட, நிறம் மாறி, அம்மா சிரித்தாள். பிரிண்டர் அவளை நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. கன்னம் வந்ததும் நான் அழுதுவிட்டேன். அச்சு அசல் அம்மா.

கருமாதியன்று மாலை போடும்போதுதான் அத்தை கவனித்தாள்.

"என்னண்ணே இது, அண்ணிக்கு முந்தானை வலது தோள்ல கிடக்கு? மூக்குத்தியும் பக்கம் மாறியிருக்கு!"

அப்பா பிலிமைப் புரட்டி வைத்துவிட்டிருந்தார். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் மறுபடி உட்கார்ந்து, சரியாக ஒன்று எடுத்து, பிரேமில் மாட்டினார். அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இப்பதான் அவ வந்திருக்கா" என்றார்.

நான் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தது. சிரிப்பு கோணியிருந்தது, புருவத்தின் வளைவுகூடச் சரியில்லை. இது அம்மா இல்லை என்று கத்தினேன். அத்தை அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். சோறு வேண்டாம், அம்மாவை மாற்றிவிட்டார்கள் என்று தரையில் புரண்டேன்.

"ஏம்மா, வேற யாரு இது?" என்றார் அப்பா.

அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் பீரோக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அங்கேதான் அம்மா என் பின்னால் நின்று இரட்டைச் சடை பின்னுவாள். அவள் முகத்தை நான் ஆற அமரப் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். மற்ற நேரமெல்லாம் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் தெருவில் ஓடிக்கொண்டிருப்பேன்.

"இங்கதான்ப்பா அம்மா இருப்பா. மூக்குத்தி இந்தப் பக்கம்தான்" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன்.

அப்பா பிரேமைக் கழற்றி, முதலில் எடுத்த படத்தை மறுபடி முன்னால் வைத்தார். மற்றதைக் கிழித்துப் போடுவார் என்று காத்திருந்தேன். அதைப் பின்னால் செருகினார்.

"அது எதுக்குப்பா?"

"பிரேம் லூசா இருக்கும்மா. பின்னால ஒண்ணு இருந்தா ஆடாது."

லேத் பட்டறைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். சோறும் சாப்பிட்டேன். வருகிறவர்கள் மூக்குத்தியைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம், "மிஷின் தப்புங்க" என்று அப்பா இன்றுவரை அசடு வழிகிறார். அம்மா செத்துப்போனது எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். அவருக்கும் ஒருத்தி செத்துப்போயிருந்தாள், அவளைத்தான் என் அம்மாவுக்குப் பின்னால் வைத்து மூடினார் என்பது எனக்குத் தெரியவில்லை.