முதல் நோயாளியின் தேதி

மருந்து ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் படிவங்களை, அனுப்புவதற்கு முன் சரிபார்த்துக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு சித்த மருத்துவ மாணவர்களின் உயிரை எடுக்கிறேன். "பதிவு எண் வர்றதுக்கு முன்னாடி யாருக்காவது மருந்து குடுத்தீங்களா? பாதியில நின்னவங்க யாரு, ஏன் நின்னாங்க?" என்று கேட்டுக் கேட்டு, 'தேதிப் பிசாசு' என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வைத்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்!

சில வருடங்களுக்கு முன் மூட்டுவலிக்கான ஒரு சூரணத்தை நாங்கள் ஆராய்ச்சி செய்தோம். தலைமை ஒரு பெரிய டாக்டர். அவரிடம் மேல்படிப்பு படித்துக்கொண்டே ஓடியாடி வேலை செய்தது நான். விதி மிக எளிது. என்ன மருந்து, யாருக்கு, பலனை எப்படி அளப்போம் என்பதை இணையப் பதிவேட்டில் முதலில் எழுதிவிட வேண்டும். பதிவு எண் வந்த பிறகுதான் முதல் நோயாளிக்கு மருந்து. பிடிக்காத முடிவு வந்தால் யாரும் மறைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. எங்கள் படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. 'வலி குறையும்' என்று எழுதினால் போதாதாம், எந்த வாரம், எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். திட்டிக்கொண்டே திருத்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு அக்கா வந்தார். பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவர். நாளெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். மருந்துக்கு அடுத்த வாரம் வாருங்கள் என்றதும் முகம் வாடிவிட்டது.

"நாளைக்கு அஷ்டமிங்க, மறாநாளு நவமி. இன்னிக்கு நல்ல நாளு டாக்டரம்மா. ஒரு வேள மட்டும் உங்க கையால குடுத்துருங்க, மிச்சத்த நான் வூட்டுல சாப்பிட்டுக்கறேன்."

எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. எங்கள் வீட்டில் காய்ச்சல் மாத்திரையைக்கூட ராகுகாலம் பார்த்துத்தான் விழுங்குவோம். என்ன ஆகிவிடப் போகிறது என்று தேனில் குழைத்துக் கொடுத்தேன். அவருடைய தாளில் அன்றைய தேதியையும் எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதிவு எண் வந்தது.

ஐந்தாம் வாரம் அவருக்கு ஓயாத வாந்தி. கண் மஞ்சளாகியிருந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லி நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காமாலை. மருந்தாலா, வேறு எதனாலா என்று அங்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஆள் பாதியாகி, மாதக்கணக்கில் மண்டிப் பக்கமே போக முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தேன். மற்ற யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

முடிவு எழுதும்போது பெரிய டாக்டர் அந்த அக்காவின் தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"எண் வர்றதுக்கு முன்னாடியே இந்தம்மாவுக்கு மருந்து குடுத்திருக்கியேம்மா. விதிப்படி இவங்க நம்ம ஆராய்ச்சியிலயே வர மாட்டாங்க. எடுத்துரு."

"அந்தக் காமாலைங்க சார்?"

"ஆளே இல்லன்னா காமாலை எங்கிருந்து வரும்?"

நான் கத்தியிருக்க வேண்டும். தேதித் தவறு என்னுடையது, அதையும் எழுதுவோம், காமாலையையும் எழுதுவோம் என்று மேசையைத் தட்டியிருக்க வேண்டும். ஊர்ச் சண்டையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறவள், அன்று வாயை மூடிக்கொண்டேன். தேதியைக் கிளறினால் என் படிப்பு போய்விடும் என்று பயம். 'பக்கவிளைவுகள் இல்லை' என்று கட்டுரை அச்சானது. அதில் என் பெயரும் இருந்தது.

ஒரு வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அந்த அக்கா என்னைக் கண்டு வேகவேகமாக வந்தார். காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

"நல்லா இருக்கீங்களா டாக்டரம்மா? அந்த ஆராய்ச்சி அச்சுல வந்துருச்சாமே. நாட்டு மருந்துக் கடைக்காரரு காட்டுனாருங்க. யாருக்கும் ஒண்ணும் பண்ணலன்னு போட்டிருக்காம்."

"அக்கா..."

"என்னோடதயும் பாத்துட்டுத்தான போட்டிருப்பீங்க? அப்ப எனக்கு வந்தது மருந்தால இல்லைங்க. நாந்தான் அது மேல பழி போட்டுட்டேன். அதான் தைரியமா மறுபடி ஆரம்பிச்சுட்டேன். பத்து நாளாச்சுங்க."

அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, எடுத்துவிட்டோம், நானும் அதற்குச் சம்மதித்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"மருந்த இன்னிக்கே நிறுத்துங்கக்கா. வாங்க, போய் ரத்தம் பாத்துருவோம்."

"இப்ப நீங்க சொல்றத நம்பலாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.