ஏரிக்கரையில் மீன் பொரித்ததும் அதைப் பற்றி எழுதியதும்

என் கணவர் பிறம்ரனிலிருந்து ட்ரக் ஓட்டுகிறவர். கிழமையில் பாதி நாள் அவருக்கு நெடுஞ்சாலைதான் வீடு. அதனால், கோடை லீவில் படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போவோம் என்று நான் சொன்னபோது, அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"வேலையிலயும் வாகனத்துக்கைதான் படுக்கிறன். லீவிலயும் வாகனத்துக்கை படுக்கவோ?"

"சரி, நீங்கள் சும்மா வாங்கோ. நான் ஓட்டுறன்."

இப்போது நிமிர்ந்தார். "உது கார் இல்லையப்பா. சில்லுப் பூட்டின வீடு. உம்மால ஏலாது."

அந்தச் சொல்லை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த நாள் மதிய இடைவேளையில், நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் கிளினிக்கிலிருந்தே வண்டியைப் பதிந்தேன். பிறகு, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு ஏரிக்கரையில் இருந்த முகாமிடத்தில், தண்ணீர் ஓரமாகவே ஓர் இடத்தையும் பதிந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கரையோர இடங்கள் பனிக்காலத்திலேயே முடிந்துவிடும் என்று அறிந்திருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் ஒரே பதில்தான். "காம்பிலை இருந்தது காணாதே? திரும்பக் காசு குடுத்துக் காம்புக்குப் போறியளோ?" சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் அகதி முகாமில் இருந்தவள்தான். அங்கே என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். இங்கே நான் போகிறேன். அந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்த நான் மினக்கெடவில்லை.

பிக்கரிங்கில் வண்டியை எடுத்தபோது அதன் நீளத்தைப் பார்த்து, இது உண்மையிலேயே வீடுதான் என்று நினைத்தேன். அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிறு காலையில் ஆளில்லாத ஒரு மோல் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். பிறகு நானூறாம் நெடுஞ்சாலையில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் என் கணவர், தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து மகள், "அப்பா, ரிலாக்ஸ். ஷீ காட் திஸ்," என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. அந்த வயதில் ஒரு பிள்ளை தாயைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி நடக்காது.

முகாமிடத்தில் வண்டியைப் பின்பக்கமாக எங்கள் இடத்துக்குள் விட வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துக் கதிரைகளிலிருந்து ஆண்கள் எழும்பி வந்தார்கள். ஒருவர் இடப்பக்கம் காட்டினார், ஒருவர் வலப்பக்கம் காட்டினார், இன்னொருவர் இரண்டு கையையும் விரித்து எதையோ காட்டினார். நான் வண்டியை நிறுத்தி இறங்கி, நன்றி சொல்லி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். நடந்து ஒருமுறை பார்த்தேன். திரும்ப ஏறினேன். முதல் தடவை சரிவரவில்லை. அடுத்த தடவை ஒரு செடிப்பற்றை நசிந்தது. அதற்கு அடுத்த தடவை வண்டி நேராக உள்ளே போனது. என் கணவர் இறங்கித் தண்ணீர்க் குழாயை வண்டியில் பொருத்தினார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

முகாமிடத்தின் சொந்தக்காரர் உயர்ந்த, சிரித்த முகமுள்ள மனிதர். சின்ன மின்வண்டி ஒன்றில் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் மின்சாரப் பெட்டி வேலை செய்யவில்லை என்றதும் தானே வந்து முழங்காலில் நின்று திருத்தித் தந்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் சுற்றுவட்டாரத்தைப் பார்க்கப் போனோம். பழைய புகையிரதம் ஒன்றில் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். இருக்கை பலகைபோல இருந்தது, ஆனால் பாலத்தைக் கடக்கும்போது கீழே தெரிந்த ஆறு அதை மறக்கவைத்தது. சோளக்காட்டுக்குள் வழி தேடும் விளையாட்டில், தினமும் வழி தேடியே சம்பாதிக்கும் என் கணவர் தொலைந்துபோனார். அவர் சோளத்துக்கு நடுவிலிருந்து, "நான் இஞ்சை நிக்கிறன், நீங்கள் எங்கை?" என்று கூப்பிட்டதைக் கேட்டு மகள் நிலத்தில் குந்திச் சிரித்தாள். ஆடுகளுக்குத் தீன் போடும் பண்ணை சிறு பிள்ளைகளுக்குத்தான். ஓர் ஆடு என் சால்வையின் நுனியைத் தின்றது.

களைத்து, சந்தோஷமாகத் திரும்பினோம். வெளியே காஸ் அடுப்பை வைத்தேன். ஸ்காபரோவில் வாங்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மீன் துண்டுகளைப் பொரிக்கத் தொடங்கினேன். சுற்றிவர எல்லா இடத்திலும் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை ஏரிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது சட்டி மீன் போடும்போது மின்வண்டி வந்து நின்றது. சொந்தக்காரர் இறங்கவில்லை. அதே சிரிப்போடு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மணம் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதாம், வண்டிக்கு உள்ளே வைத்துச் சமைக்க முடியுமா என்று கேட்டார்.

என் கணவர் மெல்லமாகத் தமிழில், "விடும். உள்ளுக்கை பொரிப்பம். ஏன் வீண் கதை," என்றார். அவர் இந்த நாட்டில் எத்தனையோ மேலாளர்களுக்கு முன்னால் அப்படித்தான் நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியும். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சொந்தக்காரரிடம் கேட்டேன், "வெளியே சமைக்கக்கூடாது என்று இங்கே விதி இருக்கிறதா?"

"இல்லை, அப்படி இல்லை."

"மீன் சமைக்கக்கூடாது என்று?"

"இல்லை. ஆனால் இது..." அவர் சொல் தேடினார். "இது வேறு மாதிரியான மணம்."

"எனக்கு அவர்களுடைய இறைச்சியும் வேறு மாதிரித்தான் மணக்கிறது. நான் உங்களிடம் வரவில்லையே."

அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பின்பக்கத்தில் பெரிய இடம் ஒன்று வெறுமையாக இருக்கிறது, விரும்பினால் அங்கே மாறலாம் என்றார். அந்த இடத்தை நான் காலையில் பார்த்திருந்தேன். வண்டிகளின் கழிவுத் தொட்டிகளைத் திறந்து ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அது.

"நான் பனிக்காலத்திலேயே இந்த இடத்தைப் பதிந்தேன்," என்றேன். "இங்கேதான் இருப்பேன். இங்கேதான் சமைப்பேன். உங்களிடம் முறையிட்டவர்களை என்னிடம் வந்து பேசச் சொல்லுங்கள்."

அவர் போய்விட்டார். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் சுட்டது. ஆனால் அடுப்பை நிறுத்தவில்லை. மகள் உள்ளேயிருந்து மூன்று கதிரைகளையும் இழுத்து வந்து வெளியே, எல்லோருக்கும் தெரியும்படி போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து, ஒரு மீன் துண்டைக் கையால் எடுத்து, ஊதி ஊதிச் சாப்பிடத் தொடங்கினாள். முள்ளிருக்கிறது என்று வீட்டில் மீனைத் தொடாத பிள்ளை அவள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த என் கணவரும் வந்து இன்னொரு கதிரையில் உட்கார்ந்தார்.

"உப்புக் கொஞ்சம் காணாது," என்றார்.

பக்கத்து இடத்தார் தங்கள் கதிரைகளை மற்றப்பக்கம் திருப்பிப் போட்டார்கள். ஒருவரும் என்னிடம் பேச வரவில்லை. இப்படியான கதைகளில் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாராட்டுவார். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டிய தேவையும் இல்லை. என் மீனை அவர்கள் விரும்பவேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த நாளும் அதே இடத்தில், அதே அடுப்பில் நெத்தலிக் கருவாடு பொரித்தேன். உண்மையைச் சொன்னால், அதன் மணத்துக்குப் பயந்து அதை வண்டிக்குள் வைத்துப் பொரிக்கத்தான் முதலில் நினைத்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு, அந்த முகாமிடத்துக்கு நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதச் சொல்லி போனில் கேள்வி வந்தது. மகள், "ஒரு ஸ்ரார் போடுங்கோ அம்மா. ஒண்டு. தே டிசேர்வ் இட்," என்றாள். என் கணவர், "ஒண்டும் எழுதவேண்டாம். முடிஞ்சது முடிஞ்சுது," என்றார். நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை.

நான்கு நட்சத்திரம் போட்டேன். ஏரி அழகு என்று எழுதினேன். குளியலறையும் கழிவறையும் பளிச்சென்று இருக்கின்றன, மின்சாரம் பழுதானால் உடனே வந்து திருத்துகிறார்கள் என்று எழுதினேன். புகையிரதம், சோளக்காடு, சால்வை தின்னும் ஆடு எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு, வெளியே மீன் பொரித்தால் உள்ளே போகச் சொல்வார்கள், அப்படி ஒரு விதி கிடையாது, நீங்கள் போகத் தேவையில்லை என்று எழுதினேன். அதே விஷயங்களை அதற்குக் கீழே தமிழிலும் எழுதினேன்.

சில நாளில் முகாமிடத்துச் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு போன் பண்ணினார். என் கணவர்தான் எடுத்தார். கொஞ்ச நேரம் "ஓ, ஐ சீ, ஐ சீ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று சமையலறையிலிருந்து காதைத் தீட்டினேன். அவர், "எழுதியது என் மனைவி. அவரிடம்தான் பேசவேண்டும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு போனை என் கையில் தந்தார். தந்துவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

சொந்தக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றார். நடந்தது இல்லையென்று சொல்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அது வேறு அர்த்தம் தருகிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கீழே மற்ற மொழியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் இருந்ததைவிட, தனக்கு விளங்காத அந்தக் கொஞ்ச வரிகள்தான் மனிதருக்கு நித்திரையைக் கெடுத்திருந்தன.

"மேலே உள்ளதுதான்," என்றேன்.

"அப்படியென்றால் அது தேவையில்லையே. ஒருவருக்கும் விளங்காது."

"வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்," என்றேன். ஒரு எழுத்தும் எடுக்கவில்லை.

அவர் என் கருத்துக்குக் கீழே, எல்லோரையும் வரவேற்கிறோம் என்று ஒரு வரி போட்டார். அந்த வரி எனக்குப் போதும். எழுதிய பிறகு அதன்படி நடந்துதானே ஆகவேண்டும்.

எங்கள் கோயில் வட்டாரத்தில் ஓர் அண்ணை, "இப்பிடி எழுதினா எங்கட ஆக்களுக்குத்தான் பேர் கெடும்," என்றார். யாருடைய பெயர், அண்ணை, நான் என்ன பொய்யா எழுதினேன் என்று கேட்டேன். அவர் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அடுத்த கோடைக்கும் அதே இடத்தையே பதிந்தேன் என்று கேள்விப்பட்டு, "அவங்களுக்கே திரும்பக் காசு குடுக்கிறியளோ?" என்றார் இன்னொருவர். ஏன் கொடுக்கக்கூடாது? ஏரி அவர்களுடையது இல்லை.

இதற்கிடையில் யூனியன்வில்லில் இருந்து ஒரு பெண் என் கருத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் என் இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். இப்படியான இடத்துக்கு இதுவரை போனதில்லையாம். இருக்கிற நூறு கருத்தையும் வாசித்தும், தனக்குத் தெரியவேண்டியது ஒன்றிலும் இல்லையாம்.

"பிள்ளையளோட போகலாமோ அக்கா? ஏதும் சொல்லுவினமோ?"

"சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்," என்றேன். "சொன்னால் திருப்பிச் சொல்லுங்கோ. அதுக்காகப் போகாமல் விடாதேங்கோ."

அவர்கள் போனார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பெண் கூப்பிட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம், புட்டும் கோழிக்கறியும் வெளியிலேயே வைத்துச் சமைத்தார்களாம். பிள்ளைகள் ஆட்டுப் பண்ணையை விட்டு வரமாட்டோம் என்று அழுதார்களாம். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"ஆனா அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதினமாதிரிக் கழிவறை அவ்வளவு துப்பரவில்லை."

"அப்ப அதை நீங்கள் எழுதுங்கோ," என்றேன்.

எழுதினார். தமிழில் மட்டும்.