மணிக்கோபுரப் பலகையும் இருபத்தேழாம் கடிதமும்

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஹம்பேர்க்கிலிருந்து வேசர் ஆற்றோரத்தில் இருக்கும் லிண்டன்வேடர் என்ற சிற்றூருக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். அதில் ஒரு பழைய கடிதத்தை வாசித்துவிட்டு வரவேண்டும் என்று போனேன். அந்தத் தேவாலயத்தையும் கடிதங்களையும் பார்க்க நினைப்பவர்களுக்காக வழியையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் தபால் பிரிக்கும் நிலையமொன்றில் வேலை செய்கிறேன். இயந்திரம் வாசிக்க முடியாமல் தள்ளிவிடும் முகவரிகள் எங்கள் மேசைக்கு வரும். பதினெட்டு வருடம் கோணல் எழுத்துகளோடு மல்லுக்கட்டிய பிறகு, பழைய டொச், அதாவது ஜேர்மன், கையெழுத்தையும் படித்துப் பார்ப்போமே என்று ஆசை வந்தது. மாலை வகுப்பில் பத்துக் கிழமை படித்தேன். அப்போதுதான் லிண்டன்வேடர் வரலாற்றுச் சங்கம் தன்னிடமிருந்த கடிதங்களை இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுத ஆள் தேடியது. அங்கத்தவராகச் சேர்ந்து வேலையை எடுத்தேன். மொத்தம் நாற்பத்தொரு கடிதங்கள்.

எழுதியவர் பெயர் ஹின்றிக் டாமர். அமெரிக்கா விடுதலை பெற்றுச் சில வருடங்களே ஆன காலத்தில் அங்கே போய், தெற்குக் கரோலைனாவில் கடைச் சிப்பந்தியாக இருந்து, நிலமுள்ள ஒரு விதவையை மணந்து நெல் முதலாளி ஆனவர். ஊரில் பாதிரியாராக இருந்த தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதினார். ஆற்று வெள்ளத்தை அணை கட்டி மறிப்பதும் மதகு திறந்து வயலுக்கு விடுவதும் எங்கள் ஊரைப் போலத்தான், ஆனால் இங்கே நான் மண்வெட்டி தொடுவதில்லை என்று பெருமைப்பட்டார். தொட்டவர்கள் முப்பத்திரண்டு அடிமைகள். கோடையில் காய்ச்சல் பரவும்போது டாமர் குடும்பம் கடற்கரை வீட்டுக்குப் போய்விடும். அடிமைகள் சேற்றுக்குள்ளேயே நிற்பார்கள். அமெரிக்க விடுதலை நாள் விருந்தில் சுதந்திரத்தைப் பற்றித் தான் ஆற்றிய உரையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

இருபத்தேழாம் கடிதத்தில், புயலில் விளைச்சல் போன வருடம். ஊர்த் தேவாலயத்துக்கு மணி செய்துதருவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கையில் காசில்லை. டாமரின் பிள்ளைகளைக் காய்ச்சலில் இரவு பகலாகப் பார்த்துக் காப்பாற்றியவள் ஹன்னா என்ற அடிமைப் பெண். அவளுடைய இரண்டு பிள்ளைகளை விற்று, அந்தப் பணத்தை மணிக்கு அனுப்பினான். ஹன்னா நான்கு நாள் சாப்பிடவில்லை, அதனால் தன் வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்க ஆளில்லை என்று அலுத்துக்கொண்டான். (இதுவரை 'அவர்' என்று எழுதினேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அதற்குக் கை வரவில்லை.)

இரண்டு உலகப் போர்களிலும் ஆயுதத்துக்காக உருக்கப்படாமல் தப்பிய மணி அது. அதன் கோபுரத்தில் டாமருக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கச் சங்கம் முடிவெடுத்தது. வாசகத்தின் முன்வரைவு தபாலில் வந்தது: 'இம்மணியைத் தந்த எங்கள் ஊரின் கொடைமிகு மைந்தன்.' கூடவே வந்த கண்காட்சிப் பட்டியலில் இருபத்தேழாம் கடிதம் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். நீளம் அதிகம் என்றார்கள். எழுத்தில் ஆட்சேபிக்கும் காலமும் முடிந்துவிட்டதாம். அங்கத்தவர் என்றால் நேரில் வந்து பேசலாமாம். சரி, வருகிறேன் என்றேன்.

வேலைத்தலத் தோழி வதனி அக்காவும் கூட வந்தா. ஐம்பத்தெட்டு வயது, நடப்பதில் என்னை விடக் கெட்டிக்காரி. காலை 8.15க்கு ஹம்பேர்க்கில் ரயில் ஏறினோம். பிறேமனில் இறங்கி மாறி, இன்னும் முப்பத்தைந்து நிமிடம். இருவரிடமும் மாதச் சீட்டு இருந்ததால் மேலதிகச் செலவு இல்லை. 10.40க்கு இறங்கிப் பார்த்தால் லிண்டன்வேடருக்குப் பஸ் இல்லை. நான் அச்சடித்து வந்தது வார நாள் அட்டவணை! சனிக்கிழமையில் காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று, அவ்வளவுதான். டாக்சிக்கு அழைத்தேன். ஒரே வண்டிதானாம், அது ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டதாம், மூன்று மணிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

"இப்ப என்ன செய்யப்போறாய்?" என்றா வதனி அக்கா.

"ஒன்பது கிலோமீற்றர்தானே அக்கா, நான் நடக்கப்போறன். நீங்கள் இதிலை இருங்கோ."

"இருக்கிறதுக்கோ வந்தனான்? நட."

ஆற்றணையின் மேலே நேரான பாதை. எதிர்க்காற்று. இருபுறமும் நனைந்த புல்வெளி, கூட்டம் கூட்டமாக வாத்துகள். பாதி வழியில் ஒரு வாங்கில் அமர்ந்து, கட்டிக்கொண்டு வந்த மரக்கறி றோல்ஸ் சாப்பிட்டோம். அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டா.

"உனக்கேன் இந்த வேலை? அவையளின்ர ஊர், அவையளின்ர மணி. நாளைக்கு உன்னை ஆர் எண்டு கேட்பினம்."

"கேட்கட்டும். அந்தக் கடிதத்தை வாசிச்ச ஆள் நான். வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருக்க ஏலாது அக்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. கொஞ்சத் தூரம் போனபின், "அதிலை என்னதான் கிடக்கு? முழுக்கச் சொல்லு" என்றா. நடந்துகொண்டே தமிழில் சொன்னேன். முடிக்கும்போது கோபுரம் தெரிந்தது. மணி 1.20.

தேவாலய மண்டபத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மரியாதையான மனிதர். எனக்கு ஐந்து நிமிடம் தந்தார். முன்னால் போய் நின்று கடிதத்தை வாசித்தேன்.

முடிந்ததும் ஒருவர், "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே" என்றார். இன்னொருவர் பலகையில் நாலு வரிக்குத்தான் இடம் என்றார். தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டு, "உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் இது ஒரு நன்றிப் பலகை" என்றார். நான் திரும்பிப் பேச வாய் திறந்தேன். அதற்குள் பின்வரிசையில் வதனி அக்கா எழும்பிவிட்டா.

அக்காவின் டொச் தடக்கித் தடக்கித்தான் வரும். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அந்தப் பிள்ளைகளின் பெயர் என்ன?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பெயர்களை அணையில் வைத்தே சொல்லியிருந்தேனே. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றா. அவர் என் பெயர்த்தெழுத்துத் தாளை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், விரலால் வரி வரியாகத் தேடினார்.

"ஜூனோ, ஏழு வயது" என்று வாசித்தார். "பிறின்ஸ், நான்கு வயது."

பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலோரம் இருந்த ஒரு விவசாயப் பெண்மணி, "நாலு வரி என்றால் அதில் இரண்டை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்றா. வாக்கெடுத்தார்கள். ஆதரவாகப் பன்னிரண்டு, எதிராக எட்டு. முதலில் கை தூக்கியவர் தலைவர்.

எல்லாம் நான் கேட்டபடி நடக்கவில்லை. 'கொடைமிகு' போனது, 'எங்கள் ஊரின் மைந்தன்' நின்றது. டாமர் பிள்ளைகளை விற்ற பணம் என்று எழுதக் கேட்டேன். 'அடிமைகளாய் இருந்த ஜூனோ, பிறின்ஸ் என்ற பிள்ளைகள் விற்கப்பட்ட பணத்தில் வந்த மணி' என்று எழுதச் சம்மதித்தார்கள். கண்காட்சியில் இருபத்தேழாம் கடிதம் சேர்ந்தது. பலகை மே மாதத்திலிருந்து கோபுர வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிறது. திரும்பும்போது அந்த விவசாயப் பெண்மணியே எங்களை ரயில் நிலையம் வரை தன் காரில் கொண்டுவந்து விட்டா. வழி முழுக்க வதனி அக்கா முன் இருக்கையில் நல்ல நித்திரை.

போக விரும்புகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், பஸ் இருபது நிமிடம்தான். கடிதங்கள் செவ்வாய், வியாழன் பிற்பகலில் மண்டபத்தில் திறந்திருக்கும், நுழைவு இலவசம். எதிரே உள்ள வெதுப்பகத்தில் கோப்பியும் அப்பிள் கேக்கும் 6.80 யூரோ. அணை வழியாக நடப்பதென்றால் காற்றுக்கு ஏற்ற மேலங்கி வேண்டும். இதுபோன்ற கூட்டங்களில் உங்களுக்குச் சொல்ல ஏதும் இருந்தால், கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். போய் நில்லுங்கள். முடிந்தால் ஓராளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைத்திருப்பது பன்னிரண்டு கடிதங்கள்தான். மற்றவற்றைக் கேட்டால் அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். முப்பத்தொன்றாம் கடிதத்தைக் கேளுங்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், ஹன்னா ஓடிப்போய்விட்டாள் என்று டாமர் எரிச்சலோடு எழுதியிருக்கிறான். ஆட்களை விட்டானாம், நாய்களை விட்டானாம், சதுப்பு முழுக்கத் தேடினானாம். அதற்குப் பிறகு இருக்கும் பத்துக் கடிதங்களையும் நானே பெயர்த்தெழுதினேன். அவள் அகப்பட்டதாக ஒன்றிலும் இல்லை.